வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்

இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1000 வாட் என்று எங்காவது ஓர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். 1000 வாட் என்பது அந்தப் பெட்டியோடு கூடப் பிறந்த குணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நிபந்தனையோடு கொடுத்த வாக்கு. 230 வோல்ட் வந்தால்தான் 1000 வாட். கோடைக்கால இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் வேளையில், தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றின் கடைசி வீட்டுக்கு 200 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அதே பெட்டி 1000 வாட் தராது. வோல்ட் குறைந்த அளவுக்குக் கணக்குப் போட்டு 870 வாட் என்று சொன்னால், அதுவும் தவறு. சரியான விடையை இந்தக் கட்டுரையின் நடுவில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதற்கு வேண்டியவை இரண்டு எண்களும், பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலும்தான்.

முதல் எண் மின்னழுத்தம். வோல்ட் என்ற அலகில் சொல்கிறோம். அது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு. பிளக் பாயிண்டின் ஃபேஸ் துளைக்கும் நியூட்ரல் துளைக்கும் இடையே 230 வோல்ட் இருக்கிறது. ஸ்விட்ச் போட்டிருந்தால் போதும், எதையும் செருகாவிட்டாலும் அந்த வேறுபாடு அங்கே இருந்துகொண்டேதான் இருக்கும். இரண்டாவது எண் மின்னோட்டம், அலகு ஆம்பியர். கம்பியின் ஓர் இடத்தை ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடந்து செல்கிறது என்பதை அது சொல்கிறது. எதையாவது செருகிச் சுற்று முழுமையான பிறகுதான் இந்த எண் பிறக்கும். அழுத்தம் இரண்டு புள்ளிகளுக்கு இடையே, ஓட்டம் ஒரு கம்பியின் வழியே. இதை மட்டும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

மேல்நிலைத் தொட்டி, குழாய், தண்ணீர் என்று பள்ளியில் ஓர் உவமை சொல்வார்கள். தொடக்கத்தில் அது உதவும்தான். ஆனால் குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் அந்தக் கணமே நின்றுவிடும். உவமை அங்கேயே உடைந்துபோவதால், நான் எண்களோடு நின்றுகொள்கிறேன்.

முதலில் வகுத்தல். நமது பெட்டியை 230 வோல்ட் சரியாக வரும் நேரத்தில் செருகி அளந்தால், அதில் சுமார் 4.35 ஆம்பியர் ஓடும். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் சுமார் 52.9 கிடைக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் காயிலின் மின்தடை அதுதான், அலகு ஓம்.

மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் = மின்தடை

ஓர் ஆம்பியரை ஓட்டுவதற்கு எத்தனை வோல்ட் தேவை என்பதே இந்த வகுத்தலின் பொருள். இந்தக் காயிலுக்கு 52.9 வோல்ட் தேவை. மெல்லிய, நீளமான கம்பி என்றால் அதிகம் தேவைப்படும். தடித்த, குட்டையான கம்பி என்றால் குறைவாகத் தேவைப்படும்.

இதைக் கையால் செய்து பார்க்க வீட்டு மின்சாரத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரிகள் மூன்று, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். ஒரு பேட்டரியை இணைத்தால் 15 மில்லியாம்பியர் ஓடும். இரண்டைத் தொடராக இணைத்தால் அழுத்தம் 3 வோல்ட், ஓட்டம் 30. மூன்று என்றால் 4.5 வோல்ட், 45. அழுத்தம் எவ்வளவு மாறினாலும் வகுத்து வரும் விடை 100 ஓம்தான். பேட்டரி பழையதாக இருந்தால் எண்கள் சற்று முன்பின் ஆகும். அதனால்தான் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒவ்வொரு முறையும் அளந்து வகுக்கச் சொல்கிறேன்.

இந்த எளிய விகிதத்தைக் கண்டறிந்து 1827-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டவர் கியோர்க் சைமன் ஓம் என்ற ஜெர்மானியர். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் காலத்து மின்கலங்கள் சீராக அழுத்தம் தரவில்லை. அளந்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். அதனால் இரு வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த வெப்ப வேறுபாட்டிலிருந்து மாறாத ஒரு சிறு அழுத்தத்தைப் பெற்றார். நல்ல விதி கிடைப்பதற்கு முன்னால் நல்ல அளவீடு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அவர் நாட்டில் முதலில் பெரிய வரவேற்பு இல்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் கொடுத்தது.

எல்லாப் பொருளும் இப்படிச் சொன்னபடி நடக்காது. பழைய குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். 60 வாட் பல்பு எரியும்போது சுமார் 0.26 ஆம்பியர் எடுக்கும். வகுத்தால் 880 ஓம் சொச்சம். அதே பல்பைக் கழற்றி, ஆறிய பிறகு மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டங்ஸ்டன் இழை வெள்ளையாகச் சுடும்போது அதன் மின்தடை பல மடங்கு ஏறிவிடுவதுதான் காரணம். ஸ்விட்ச் போட்ட கணத்தில் குளிர்ந்த இழை வழியே மிக அதிக ஓட்டம் பாய்கிறது. பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே 'டப்' என்று போவது இதனால்தான். ஆகவே ஒரு பொருள் வேலை செய்யும் நிலையில் அதன் மின்தடை என்ன என்று தெரிய வேண்டுமானால், வேலை செய்யும்போது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து வகுப்பதே நம்பகமான வழி. இஸ்திரிப் பெட்டியின் காயில் நிக்ரோம் என்ற உலோகக் கலவை. அது அவ்வளவு மாறாது. சூட்டில் சில சதவீதம் ஏறும், அவ்வளவுதான்.

மேலே போவதற்கு முன் இந்த வகுத்தலை நம் உடலுக்கும் ஒருமுறை செய்தாக வேண்டும். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்ளலாம். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். வீடுகளில் உயிர்காக்கப் பொருத்தும் ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே சுற்றைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் இது. இதயத்தை நிறுத்த இது போதும். வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, மின்பெட்டிப் பக்கம் பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் கத்துவது வெறும் பயத்தால் அல்ல. அந்தப் பயத்துக்குப் பின்னால் இந்த வகுத்தல் இருக்கிறது. வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லாதவர்கள் மற்றச் செலவைத் தள்ளிப்போட்டாவது அதைப் பொருத்திவிட வேண்டும்.

இனிப் பெருக்கல்.

மின்னழுத்தம் × மின்னோட்டம் = மின்திறன்

230 × 4.35 = 1000 வாட். ஏன் பெருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அலகுகளே விடை சொல்கின்றன. ஒரு கூலும் மின்னூட்டம் ஒரு வோல்ட் வேறுபாட்டைக் கடக்கும்போது ஒரு ஜூல் ஆற்றலை விட்டுச்செல்கிறது. ஆக வோல்ட் என்பது கூலுமுக்கு இத்தனை ஜூல். ஆம்பியர் என்பது நொடிக்கு இத்தனை கூலும். இரண்டையும் பெருக்கினால் கூலும் அடிபட்டுப் போய், நொடிக்கு இத்தனை ஜூல் என்பது மிஞ்சும். அதற்குத்தான் வாட் என்று பெயர். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்வது மேல். பரீட்சையில் மறந்தாலும் அலகுகளை எழுதிப் பார்த்துச் சூத்திரத்தை மீட்டுவிடலாம்.

1000 வாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் இந்த யூனிட்டுக்குத்தான். வோல்டுக்கும் அல்ல, ஆம்பியருக்கும் அல்ல.

இப்போது தண்டையார்பேட்டைச் சந்துக்கு வருவோம். வோல்டேஜ் 200-ஆகக் குறைந்துவிட்டது. பெட்டியிடம் மாறாமல் இருப்பது எது? வாட் அல்ல, காயிலின் 52.9 ஓம். எனவே முதலில் ஓட்டத்தைக் காண வேண்டும். 200 ÷ 52.9 = 3.78 ஆம்பியர். பிறகு பெருக்க வேண்டும். 200 × 3.78 = 756 வாட். வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்ததற்குச் சூடு 24 சதவீதம் குறைந்துவிட்டது. அழுத்தம் குறையும்போது ஓட்டமும் கூடவே குறைகிறது, இரண்டு குறைவும் பெருக்கலில் சேர்ந்துகொள்கின்றன. 180 வோல்ட் என்றால் 612 வாட்தான். இதை ஒரே படியில் எழுதினால், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் மின்திறன் வரும். 230-இன் வர்க்கம் 52,900. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தச் சூடேற்றும் கருவியின் மின்தடையையும் உடனே சொல்லிவிடலாம்: 52,900-ஐத் தகட்டில் உள்ள வாட்டால் வகுத்தால் போதும். 2000 வாட் கீசருக்கு 26.45 ஓம். வாட் அதிகம் என்றால் ஓம் குறைவு. முதலில் கேட்கும்போது பலருக்கும் இது தலைகீழாகத் தோன்றும்.

எங்கள் பகுதியில் துணி தேய்க்கும் அக்கா ஒருவர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். "தம்பி, பெட்டி புதிது. ஆனால் பொழுது சாய்ந்தால் மட்டும் சூடேற மறுக்கிறது. காயில் போய்விட்டதா?"

"காலையில் நன்றாகச் சூடேறுகிறதா, அக்கா?"

"காலையில் ஒரு குறையும் இல்லை."

"அப்படியானால் காயிலில் பழுது இல்லை. அதன் ஓம் காலைக்கும் மாலைக்கும் மாறாது. மாலையில் வரும் வோல்டேஜைத்தான் பார்க்க வேண்டும்."

அந்த வோல்டேஜை, எந்தக் கம்பியையும் தொடாமல், வீட்டு மின்மீட்டரை வைத்தே கணக்கிடலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது அதன் அருகிலேயே அச்சிட்டிருக்கும். உங்கள் மீட்டரில் 3200 என்று இருப்பதாகக் கொள்வோம். 36 லட்சம் ஜூலை 3200-ஆல் வகுத்தால் 1125. ஒரு துடிப்புக்கு 1125 ஜூல். வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுங்கள். பெட்டியின் விளக்கு எரியும்போது, அதாவது தெர்மோஸ்டாட் துண்டிப்பதற்குள், பத்துத் துடிப்புக்கு எவ்வளவு நேரமாகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 15 நொடி ஆகிறது என்றால், 11,250 ஜூலை 15-ஆல் வகுத்து 750 வாட். அதை 52.9-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 199 வோல்ட். காயில் தகட்டில் உள்ளபடியே சரியாக 1000 வாட்டுக்குச் செய்யப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது, சூட்டில் ஓம் சற்று ஏறும் என்பதையும் பார்த்தோம். எனவே விடையைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலையிலும் இரவிலும் இதே பெட்டியை வைத்து எண்ணிப் பார்த்தால், வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

நேரடியாக ஓட்டத்தை அளக்க எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் வைத்திருப்பார்கள். வாயைத் திறந்து கம்பியைக் கவ்வும் கருவி. ஒற்றைக் கம்பியை மட்டும் கவ்வ வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் உள்ள முழு வயரையும் சேர்த்துக் கவ்வினால், எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டும் ஒன்றை ஒன்று சரிக்கட்டி, கருவி பூஜ்யம் காட்டும். மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்துக்கொண்டு பிளக் துளைகளில் மட்டும் ஒருபோதும் நுழைக்காதீர்கள். அந்த நிலையில் அதன் மின்தடை மிக மிகக் குறைவு. 230-ஐ அப்படி ஒரு சிறிய எண்ணால் வகுத்தால் என்ன வரும் என்பது உங்களுக்கே இப்போது தெரியும். அது வெடிப்பாக வரும்.

பெருக்கலுக்கு இன்னொரு வடிவம் உண்டு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினாலும் மின்திறன்தான். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி வாழ்பவர்களுக்கு இந்த வடிவம்தான் முக்கியம் என்பேன். உப்புக்காற்று பிளக்கின் பித்தளைக் கால்களில் பாசி நிறமாகவும் கறுப்பாகவும் படிகிறது. பாயிண்டின் உள்ளே உள்ள பட்டையும் தளர்ந்துபோகிறது. கால் சேரும் இடத்தில் அரை ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இஸ்திரிப் பெட்டியின் 4.35 ஆம்பியருக்கு அந்த இடத்தில் உண்டாகும் சூடு, 4.35-இன் வர்க்கம் 18.9, அதில் பாதி, சுமார் ஒன்பதரை வாட். 2000 வாட் கீசர் என்றால் 8.7 ஆம்பியர். வர்க்கம் 75.7. அரை ஓமுக்குக் கிட்டத்தட்ட 38 வாட். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்டில் வேலை செய்கிறது. அதைவிட அதிகமான சூடு ஒரு பிளக் காலின் நுனியில் சேர்ந்தால் பிளாஸ்டிக் என்ன ஆகும்? முதலில் மீன் வாடை போல ஒரு நாற்றம், பிறகு பழுப்பு நிறம், பிறகு உருகல்.

இதில் கொடுமை என்னவென்றால், மின்பலகையில் தானாக விழுந்து சுற்றைத் துண்டிக்கும் ஸ்விட்சான எம்.சி.பி. இதைத் தடுக்காது. அதற்கு ஓட்டம் அளவு மீறினால்தான் தெரியும். இங்கே ஓட்டம் மீறவில்லை. அரை ஓம் கூடியதால் ஒரு துளி குறைந்தே இருக்கிறது. சூடு மட்டும் தவறான இடத்தில் பிறக்கிறது. கீசரையோ ஏசியையோ பயன்படுத்திய பிறகு ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் மேலுறையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் பாயிண்டை மாற்றிவிடுங்கள். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடியும் செருகுவது சில வாரத்துக்குத்தான் தாங்கும்.

ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் தடங்களும் இதே வர்க்கத்துக்குத்தான் அஞ்சுகின்றன. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை வீட்டுக்கு வரும் 230 வோல்டிலேயே கம்பியில் அனுப்பினால், கம்பி சூடேறுவதற்கே பெரும்பகுதி போய்விடும். தமிழ்நாட்டில் 230 கிலோவோல்ட் தடங்கள் உண்டு. வீட்டு அழுத்தத்தைப்போல சரியாக ஆயிரம் மடங்கு. அழுத்தம் ஆயிரம் மடங்கானால் அதே திறனுக்கு ஓட்டம் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அதே கம்பியில் இழப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ரயிலுக்கும் இதுவே. 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது மேலே போன கம்பியில் 1500 வோல்ட். இன்று கும்மிடிப்பூண்டி வண்டியின் தலைக்கு மேல் இருப்பது 25,000 வோல்ட்.

மோட்டாரில் மட்டும் இந்தப் பெருக்கல் ஏமாற்றும். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை குதிரைத்திறன் மோட்டாரின் தகட்டில் 230 வோல்ட், 3.5 ஆம்பியர் என்று இருப்பதாகக் கொள்வோம். பெருக்கினால் 805. ஆனால் இது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. இஸ்திரிப் பெட்டியின் காயிலில் அழுத்தமும் ஓட்டமும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. மோட்டாரின் சுருளிலோ ஓட்டம் சற்றுப் பின்தங்கி வருகிறது. அதனால் எடுத்த ஆற்றலில் ஒரு பகுதியை ஒவ்வோர் அலையிலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வகுத்து ஓம் கண்டுபிடிப்பதும் இங்கே பயன்படாது. 230 ÷ 3.5 என்று போட்டால் சுமார் 66 ஓம் வரும். அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் சுருளை அளந்தால் அதைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது சுருளின் கம்பி மட்டும் அல்ல, அதைச் சுற்றிப் பிறந்து மறையும் காந்தப்புலமும்தான்.

மோட்டாரின் உண்மையான வாட் வேண்டுமானால் மீண்டும் அந்தச் சிவப்பு விளக்கிடம்தான் போக வேண்டும். வீட்டு மீட்டர் கணக்கிடுவது வாட்டைத்தான், வோல்ட்-ஆம்பியரை அல்ல. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு எண்ணுங்கள். பத்துத் துடிப்புக்கு 17.5 நொடி ஆனால், 11,250 ÷ 17.5 = 643 வாட். இதை 805-ஆல் வகுத்தால் 0.8. மின்பொறியாளர்கள் திறன் காரணி என்று சொல்வது இந்த எண்ணைத்தான். இஸ்திரிப் பெட்டிக்கு அது 1.